நான் பெயர் மாற்றிய கிணறு

ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறும்போது முதலில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். எரிச்சல் பிறகுதான் வரும். அதோடு பழைய பருத்தியின் புழுதியும், பஞ்சு அடைத்துக் காயப் போட்ட பறவைத் தோல்களின் மக்கலும், வறுத்த வேர்க்கடலையும் கலந்தால், அரியலூர் ரயிலடிக்குப் பின்னால் சிங்கராயர் சார் வாடகைக்கு எடுத்திருந்த பருத்திக் கிடங்கு என் கண்முன் வந்து நின்றுவிடும். இப்போது நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் காட்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஜாடிகளில் ஸ்பிரிட் குறைந்தால் ஊற்றுவது, உள்ளே கிடக்கும் சீட்டுகளைச் சரிபார்ப்பது, அவற்றைப் பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. முதல் முறை உள்ளே வருகிற மாணவிகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். உங்களுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது என்பார்கள். பழகியதுதான். ஆனாலும் மூடியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும், என் பதினோராவது வயதில் நான் செய்த ஒரு காரியம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதை இதுவரை வாய் திறந்து ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

சிங்கராயர் சார் திருச்சியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். கண்ணில் புரை விழத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டார். போர்க்காலத்தில், ஊரே அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த நாட்களில், ரயிலில் வந்த பெட்டிகளையும் ஜாடிகளையும் நான்கு மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அந்தக் கிடங்கில் வந்து இறங்கினார். மனைவி முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு தாலுகாக்களிலும் ஊர்வது, நீந்துவது, பறப்பது எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. "மேக்கால மலை, தெக்கால கொள்ளிடம், நடுவுல கரிசக்காடு, அதுக்கு அடியில சுண்ணாம்புச் சுக்காம்பாறை. நாலு சீமை உசுரும் ஒரே ரயிலடியில கெடைக்கும், வாத்தியாரே" என்று என் அப்பாவிடம் சொல்வார். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தார். ஊரில் எங்கள் வீட்டுக்கு "வாத்தியார் வூடு" என்றே பெயர்.

ஊர் அவருக்குப் "பூச்சி சார்" என்று பெயர் வைத்தது. அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டு அவர் வரவழைக்கும் ஸ்பிரிட் டின் ரயிலில் வந்து இறங்குகிற நாளில், மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்றுகொண்டு, "பல்லி குடிச்சது போக மிச்சம் இருந்தா நமக்கும் ஒரு கை ஊத்துங்க சார்" என்பார்கள். அவரும் சளைக்கமாட்டார். "பல்லி குடிச்சுட்டு எப்படிக் கெடக்குதுன்னு பாத்தீல்ல? நீயும் ஜாடிக்குள்ள படுக்குறதா இருந்தா சொல்லு, நெறையவே ஊத்துறேன்."

கிடங்கின் ஒழுங்கு முழுவதும் சீட்டில்தான் இருந்தது. நல்ல தாள் கிடைக்காத காலம் என்பதால், கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பார். மை கரைந்துவிடும், அதனால் பென்சிலில்தான் எழுத வேண்டும். எந்த இடம், எந்த நாள், யார் கையில் கிடைத்தது என்று மூன்றே வரி. சீட்டை ஜாடிக்கு வெளியே ஒட்டக் கூடாது, உயிரினத்தின் பக்கத்திலேயே ஸ்பிரிட்டுக்குள் போட்டுவிட வேண்டும். ஒருமுறை உள்ளே போட்டதை எக்காரணம் கொண்டும் வெளியே எடுக்கக் கூடாது. தப்பு இருந்தால் வேறொரு சீட்டில் திருத்தி எழுதி, பழையதின் பக்கத்திலேயே போட வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் விளையாட்டாகப் பேசுகிற மனிதர் இதில் மட்டும் கோபக்காரர். "பேரை எவன் வேணா பின்னால வச்சுக்கலாம். எடம் தெரியாத உசுரு வெறும் பொணம்" என்பார்.

கண் மங்கியதால் அவரால் பொடி எழுத்து எழுத முடியவில்லை. என் கையெழுத்து பொடியாகவும் நேராகவும் இருக்கும். பள்ளி விட்டதும் கிடங்குக்குப் போய் அவர் சொல்லச் சொல்லச் சீட்டு எழுதுவது என் வேலையாயிற்று. அவர் எனக்குப் பாடம் எதுவும் எடுத்ததில்லை; "எழுது" என்பார், எழுதுவேன். என் பெயர் லூர்துமேரி என்பது அவருக்கு நினைவிருந்ததா என்றே சந்தேகம், "எழுத்துக்காரி" என்றுதான் கூப்பிடுவார். சிறு வயதிலிருந்தே எனக்குப் பட்டியல் போடுகிற பழக்கம் உண்டு. யார் யார் என்னென்ன கொண்டுவந்தார்கள் என்று நானாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதில் என் பெயருக்கு நேரே நூறு உருப்படிகளுக்கு மேல் இருந்தன. எல்லாம் தட்டான், வெட்டுக்கிளி, வண்ணத்துப்பூச்சி. எல்லாம் அவரிடம் முன்பே இருந்தவை. "புதுசா ஒண்ணு சிக்குனா, எங்க கெடைச்சுது, யாரு எடுத்தாங்க, ரெண்டும் அச்சுல வரும். லண்டன்ல இருக்குறவன்கூட படிப்பான்" என்று அவர் ஒருமுறை சொன்னதை நான் மறக்கவே இல்லை.

என் நோட்டில் மிக நீளமான பத்தி அந்தோணியம்மாளுடையது. அவர் சேரியைச் சேர்ந்தவர், அப்போது முப்பது வயது இருக்கும். நடவு, களை, கடலை பிடுங்குவது என்று எங்கே கூலி வேலை இருக்கிறதோ அங்கே போவார். திரும்பி வரும்போது மடியில் ஏதாவது இருக்கும்: இலையில் மடித்த தேள், வயிற்றில் முட்டை ஒட்டிய வயல்நண்டு, வால் அறுந்த அரணை. கொண்டுவந்து கொடுப்பதோடு நிற்கமாட்டார். எந்தக் கல்லுக்கு அடியில் கிடந்தது, தலை எந்தப் பக்கம் இருந்தது, கிட்டே போனதும் என்ன செய்தது என்று நடித்தே காட்டுவார். சார் திரும்பத் திரும்பக் கேட்டு என்னை எழுதச் சொல்வார். உட்காருவதற்கு முக்காலி எடுத்துப் போடுவார். அந்தோணியம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசுவார். ஒருநாள் மண்ணுளிப்பாம்பு ஒன்றைப் பார்க்கச் சார் சேரிக்கே போய்விட்டார். "எங்க வூட்டுல ஒக்காந்து கூழு குடிச்சாரு பாப்பா, இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு" என்று அந்தோணியம்மாள் என்னிடம் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். அன்று அப்படி இல்லை. என்னைவிட இருபது வயது மூத்தவரை "அந்தோணியம்மா, அங்கேயே வச்சிட்டுப் போ" என்றுதான் சொல்வேன். ஒரே கோயிலுக்குத்தான் போனோம், ஒரே நற்கருணைதான் வாங்கினோம். ஆனால் அவர்கள் இடப்பக்கத்தில் ஒரு மரக்கிராதிக்கு அப்பால் உட்காருவார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் அவர் தண்ணீர் கேட்டால், அம்மா சொம்பை உயர்த்திப் பிடித்து அவருடைய கைகளில் ஊற்றுவாள். யாரும் எனக்கு இதையெல்லாம் சொல்லித்தந்ததில்லை. பார்த்தே படித்துக்கொண்டேன், நன்றாகவே படித்தேன்.

போர் முடிந்த மறு வருஷக் கோடையில் கிணறுகள் வற்றின. எங்கள் வீட்டுக் கிணற்றில் கயிறு போதாமல் இன்னொரு கயிறு முடிந்தோம். சேரிக்காரர்கள் தங்கள் கிணற்றுக்குள் இறங்கி, தூர் வாரி, பாறையை உடைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சார் அந்த வாரம் வேப்பந்தட்டைப் பக்கத்து மலைக்குப் போயிருந்தார். அந்தக் காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில், மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு, போய்ச் சேரவே ஒரு பகல் ஆகும். கிடங்குச் சாவி என்னிடம் இருந்தது.

நடுப்பகலில் அந்தோணியம்மாள் ஓடிவந்தார். முழங்கை வரை வெள்ளைச் சேறு. கையில் ஒரு கொட்டாங்கச்சி, அதன் மேல் பூவரச இலை.

"பாப்பா, சாரு இல்லியா?"

"மலைக்குப் போயிருக்காரு. என்னா கொண்டாந்த?"

"கூனி. கண்ணில்லாத கூனி."

இலையை நீக்கினேன். சந்தையில் காயவைத்து விற்கிற கூனி இறாலைப் போலத்தான் இருந்தது, ஆனால் உடம்பு முழுவதும் கண்ணாடி. உள்ளே ஒரு நூல் துடிப்பது தெரிந்தது. மீசை உடம்பைவிட நீளம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறிய முண்டுகள் மட்டும் இருந்தன. விரலைக் கிட்டே கொண்டுபோனேன், அது அசையவில்லை; தண்ணீரைத் தொட்டதும் துள்ளியது.

"எங்க புடிச்ச?"

"எங்க கெணத்துல. தூரு வாரிட்டு இருந்தோமுல்ல, பாறையில பொத்து விட்டுச்சு. ஐஸு மாதிரி தண்ணி. அதோட வந்து விழுந்துச்சு. சாரு வந்தா சொல்லிடு, பொத்துக்குள்ள இன்னும் கெடக்கும்னு. நான் போயிட்டு வரேன், தூரு பாதியில நிக்குது." வழக்கமாகச் சார் தருகிற கடலையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

கூனியை ஸ்பிரிட்டில் விட்டேன். ஒரு நிமிஷத்துக்குள் கண்ணாடி உடம்பு பால் நிறமாகியது. டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுத்து, "அரியலூர்" என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அடுத்து "சேரிக் கிணறு" என்று எழுத வேண்டும். அந்தச் சொல் அச்சில் வந்து, அதைத் தொட்டு எழுதியவள் நான் என்று ஊர் பேசுவதை நினைத்தேன். "சேரித் தண்ணியில கைய விட்டியா?" என்று அம்மா கேட்பாள் என்று நினைத்தேன். இவை உண்மைதான். ஆனால் நூறு தட்டான்களைப் பிடித்த எனக்குக் கிடைக்காத ஒன்று, தூர் வாரப் போன ஒருத்திக்கு வந்து விழுந்துவிட்டதே என்ற எரிச்சலும் உண்மைதான். எது முதலில் வந்தது, எது எத்தனை பங்கு என்று பின்னாளில் பலமுறை பிரித்து எழுத முயன்றிருக்கிறேன், முடியவில்லை. எழுதியது மட்டும் நினைவிருக்கிறது. "அரியலூர், வாத்தியார் வீட்டுக் கிணறு." அடுத்த வரியில் நாள். அதற்கு அடுத்த வரியில், "அ. லூர்துமேரி." எழுத்து எப்போதும்போல நேராக இருந்தது. சீட்டை உள்ளே போட்டு மூடியை இறுக்கினேன்.

நான்கு நாள் கழித்துச் சார் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜாடியைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எழுத்துக்காரி, இது யாரு எடுத்தது?"

"நான்தான் சார்."

"எந்தக் கெணறு?"

"எங்க வூட்டுக் கெணறு."

"அடிப்பாவி!" என்று சிரித்தார். தாடியிலிருந்து மலைப்புழுதி உதிர்ந்தது. "பூமிக்கு அடியில, பாறைக்குள்ள, இருட்டுலயே பொறந்து இருட்டுலயே சாவுறது இது. இதுக்குக் கண்ணு எதுக்கு? எனக்கும் போகப்போவுது. நாங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க ஆயிட்டோம்!" முப்பது வருஷமாகத் தேடியதில் அவர் கைக்கு வந்த முதல் புதிய உயிர் அதுதான் என்று அன்று அப்பாவிடம் சொன்னார். அப்பா என் தலையைத் தடவினார். அம்மாவோ இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "குடிக்கிற தண்ணியில பூச்சி இருக்குன்னு ஊர்பூரா தண்டோரா போட்டுட்டு வந்தியாடி?" அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தண்ணீரை நான்கு மடிப்பு வேட்டியில் வடிகட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தோண்டியை எடுத்துக்கொண்டு வேறு கிணற்றுக்குப் போனார்கள். சுத்தமான ஒரு கிணற்றுக்கு நான் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தேன், அதைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

சார் கூனியைப் படம் வரைந்து, கல்கத்தாவில் இருந்த ஒரு நிபுணருக்கு எழுதினார். பதில் வரும்வரை அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஒன்றே ஒன்று போதாது, ஆணும் பெண்ணும் சேர்த்துக் குறைந்தது நான்கைந்தாவது வேண்டும். எங்கள் கிணற்றில் மெல்லிய வலைத்துணியை வளையத்தில் கட்டி இறக்கினார். கிணறு வெட்டுகிற ஆட்களைக் கூட்டிவந்து அடிப்பாறைவரை இறைக்கச் செய்து, ஒவ்வொரு வாளிச் சேற்றையும் வெள்ளைத் துணியில் கொட்டி, மண்டியிட்டு, அந்த மங்கிய கண்ணால் விரல் விட்டுத் துழாவினார். என்னையும் பக்கத்தில் உட்கார்ந்து தேடச் சொன்னார். இல்லாத ஒன்றை நானும் அக்கறையாகத் தேடினேன். "கெணறு பொய் சொல்லாது, எழுத்துக்காரி. நாமதான் நேரந்தப்பிப் பாக்குறோம்" என்பார்.

இந்தச் செய்தி சேரிக்கும் போயிற்று. ஒருநாள் கடலை உடைக்க வந்த அந்தோணியம்மாள் கொல்லைப் படலுக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நம்ம கூனிய சாருகிட்ட குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எங்க கெணத்துல கெடச்சதுன்னு சொன்னியா? அவரு என்னமோ இங்க வலை போட்டுக்கிட்டுக் கெடக்காராமே."

"சொன்னேன்."

"சொல்லியுமா வரல? நேத்துகூட ரெண்டு பாத்தேன். புடிச்சு சட்டியில போட்டு வைக்கட்டுமா?"

"வேணாம்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "சாரா வேணாம்னாரு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். சீட்டில் எழுதியது முதல் பொய் என்றால் இது இரண்டாவது. முதல் பொய்யில் ஒரு பெயரைத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டாவதில் ஒரு மனிதரையே அவரிடமிருந்து எடுத்துவிட்டேன்.

"சேரிக் கெணறுன்னா அவருக்கும் அப்படித்தானா?" என்றார் அந்தோணியம்மாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "எங்க வூட்டுல கூழு குடிச்ச மனுசன்தானே." முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கிடங்குப் பக்கமே வரவில்லை.

சார் கேட்கத் தொடங்கினார். "அந்தோணியம்மா ஏன் வர்றதில்ல? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?" தெரியாது என்றேன். ஒருநாள், "என்னக் கையப் புடிச்சு அவங்க தெருவுக்குக் கூட்டிட்டுப் போறியா? கண்ணு சரியாத் தெரியல" என்றார். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வெளிவந்துவிடும். "அவங்க வேலைக்கு வரதராசன்பேட்டைப் பக்கம் போயிட்டாங்களாம் சார்" என்றேன். அது மூன்றாவது. ஐப்பசியில் மழை கொட்டியது. எல்லாக் கிணறுகளும் நிறைந்தன. பாறையில் விட்ட அந்தப் பொத்து பல ஆள் ஆழத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அந்தக் கோடைக்குள் நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு கொட்டாங்கச்சியில் எல்லாம் முடிந்திருக்கும்.

கல்கத்தாக் கடிதத்தை அப்பாதான் படித்துத் தமிழில் சொன்னார். ஒற்றை உருப்படியை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சாதாரண இறால் ஸ்பிரிட்டில் வெளுத்து, கண் உதிர்ந்து போயிருக்கவும் கூடும். அதே கிணற்றில் மறுபடி கிடைக்கவில்லை என்பதால் இடத்தைப் பற்றியும் ஐயம் எழுகிறது. சார் மற்றதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிக்குத்தான் எழுந்து நின்றுவிட்டார். "எடத்துல சந்தேகமா? என்னா பேச்சு இது! அந்தச் சீட்டு எங்க எழுத்துக்காரி எழுதுனது, வாத்தியாரே!" நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா பெருமையோடு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவர் இன்னும் இரண்டு கோடைகள் எங்கள் கிணற்றில் வலை போட்டார். இரண்டாவது கோடையில் வலையை இறக்கவே அவருக்கு ஆள் தேவைப்பட்டது. "பூச்சி சார் கெணத்துல தவம் கெடக்காரு, வரம் வாங்காம ஏறமாட்டாரு" என்று தெருவில் சிரித்தார்கள். பிறகு கிடங்கைக் காலி செய்து, ஜாடிகளைத் தான் வேலை பார்த்த கல்லூரிக்கே அனுப்பிவிட்டு, தங்கை வீட்டோடு போய் இருக்க முடிவு செய்தார். ரயிலடிக்கு நாங்கள் போயிருந்தோம். வண்டி நின்றது சில நிமிஷங்கள்தான்; ஆனால் ஒரு வாக்கியம் சொல்ல அது போதும். சன்னல் வழியாகக் கையை நீட்டி, என் தலை எங்கே இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடித்து, "நம்ம கூனி ஒளிஞ்சுக்கிச்சு. பரவால்ல. நான் போனாலும் சீட்டு உள்ளேயே கெடக்கும். என்னைக்காச்சும் ஒருத்தன் வந்து உங்க கெணத்துல தேடுவான்" என்றார். நான் "போயிட்டு வாங்க சார்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்துவிட்டதாக அப்பாவுக்குக் கார்டு வந்தது. கடைசியில் பார்வை முழுவதும் போய்விட்டதாம்.

நான் விலங்கியல் படித்ததையும் இந்த வேலைக்கு வந்ததையும் பரிகாரம் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். மதிப்பெண் இருந்தது, இடம் கிடைத்தது, வந்தேன். ஆனால் அவருடைய ஜாடிகள் இங்கேதான் இருக்கின்றன என்று தெரிந்துதான் வந்தேன். சேர்ந்த முதல் வாரமே தேடி எடுத்தேன். கூனி மஞ்சளாகி இரண்டாக வளைந்து கிடந்தது. என் எழுத்து ஒரு புள்ளிகூட அழியவில்லை. பதிவேட்டில் யாரோ சிவப்பு மையில் குறித்திருந்தார்கள்: "இடம் ஐயத்துக்குரியது. பேராசிரியரின் பார்வை அப்போது குறைந்திருந்தது."

என் பொய்யை அவருடைய கண்ணின் மேல் எழுதி வைத்திருந்தார்கள்.

அதன் பிறகும் அரியலூருக்குப் போக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. போன சித்திரையில் போனேன். சேரி அந்த இடத்தில் இல்லை. சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளம் மெல்ல மெல்ல வந்து, தெருவையும் கிணற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டது. குடிசைகளைச் சற்றுத் தள்ளி மேட்டில் போட்டிருந்தார்கள். அந்தோணியம்மாள் பள்ளத்தின் ஓரத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். புருவம்வரை வெள்ளைத்தூள். நான் பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். "வாத்தியாரு மவளா? நல்லாருக்கீங்களா?" என்றார்.

"நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

சுத்தியலை நிறுத்தினார். "இதென்ன புதுசா வாங்க போங்கன்னு?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டில் எழுதியது, படலருகே தலை ஆட்டியது, வரதராசன்பேட்டை. முன்பே வரிசைப்படுத்தி வைத்திருந்ததால் எதையும் விடவில்லை. கேட்டு முடித்ததும், தன் பெயர் வர வேண்டிய இடத்தை நான் திருடியதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"அப்போ சாரு வேணாம்னு சொல்லவே இல்லியா?"

"இல்ல. நீங்க ஏன் வர்றதில்லன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. உங்க தெருவுக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னாரு. நான்தான் கூட்டிட்டு வரல."

அவர் ஒரு கல்லை எடுத்தார், உடைக்காமல் கீழே வைத்தார். "அவரு ஊர விட்டுப் போறப்ப ரயிலடியில நான் மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தேன்" என்றார். "பத்தடி தூரம். வேணும்னே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னேன். அவருக்குத்தான் கண்ணு தெரியாதே, யாருக்குத் திருப்புனேனோ."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க நினைத்து வந்திருந்தேன். கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் அவர்தான் ஏதாவது பதில் தர வேண்டியிருந்திருக்கும். பையிலிருந்து பென்சிலையும் சீட்டையும் எடுத்தேன். புதிய சீட்டு எழுதிப் பழையதின் பக்கத்தில் போட வேண்டும், அதற்கு முழுப்பெயர் வேண்டும் என்றேன். அப்பா பெயர் சூசை என்றார். எழுதிக்கொண்டேன்.

"கெணறே இல்லியே. எடம்னு என்னத்த எழுதுவ?" என்றார். மறுபடி ஒருமைக்கு வந்திருந்தார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"சேரிக் கிணறு, இப்போ இல்லன்னு எழுதுறேன்."

"சேரிக் கெணறா?" அவர் சிரித்தார், சந்தோஷமான சிரிப்பு இல்லை அது. "அதுக்குப் பேரு உண்டு. எங்கய்யா ஒத்தை ஆளா நின்னு ஆரம்பிச்சு வெட்டுனது. நாங்க சூசைக் கெணறுன்னுதான் சொல்லுவோம். அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்து உடைக்கத் தொடங்கினார்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கிணற்றுக்கு ஒரு பெயர் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பகலில் நான் உண்மையையே எழுதியிருந்தாலும் "சேரிக் கிணறு" என்றுதான் எழுதியிருப்பேன்.

சூசைக் கிணறு இப்போது இல்லை. பள்ளத்தின் அடியில் இயந்திரம் வைத்து இரவும் பகலும் தண்ணீரை இறைத்து வெளியே விடுகிறார்கள். அந்தப் பொத்துகளிலிருந்து வருகிற தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் அரை நாள் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தேன். சுண்ணாம்புக் கரைசலைத் தவிர எதுவும் இல்லை. துறைத் தலைவருக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். சிவப்பு மைக் குறிப்பின் கீழே, பேராசிரியரின் பார்வைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என் கையெழுத்தோடு எழுதியிருக்கிறேன். ஜாடிக்குள் இரண்டு சீட்டுகள் கிடக்கின்றன. "அரியலூர், சூசைக் கிணறு. எடுத்தவர் சூ. அந்தோணியம்மாள்" என்பது ஒன்று. மற்றது, பதினோரு வயதில் நான் எழுதியது. விதிப்படி அதை எடுக்க எனக்கு அனுமதி இல்லை. ஸ்பிரிட் ஊற்றுகிற நாட்களில் இரண்டும் லேசாக அசையும். இரண்டுமே ஒரே கையெழுத்து.